இறக்கையில் உப்புத்தாள் மாதிரி பனி: மகள் பறக்கலாமா?

கேள்வி: என் மகள் கனடாவில் விமானி பயிற்சி எடுக்கிறாள். ஓட்டுவது செஸ்னா 172 என்ற பழைய சிறிய விமானம். "இன்னைக்கு மைனஸ் எட்டுப்பா, ஆனாலும் பறந்தேன்" என்கிறாள். எங்களுக்குத் தூக்கமே இல்லை. அவ்வளவு ஆபத்தா?
– ஒரு தந்தை, காவேரிப்பட்டணம்

பதில்: மைனஸ் எட்டுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. இறக்கைக்கு அது நல்லதுதான். சிக்கல் ஈரத்தில் இருக்கிறது.

இரவில் வெளியே நின்ற விமானத்தின் இறக்கையைக் காலையில் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். அந்த மெல்லிய உறைபனியே தூக்குவிசையை 30 சதவீதம் வரை குறைத்து, விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும் காற்றின் இழுவையை 40 சதவீதம் வரை கூட்டிவிடும். அதை முழுக்க நீக்காமல் கிளம்பக் கூடாது. கனடா விதியும் அதுதான்.

அடுத்தது, இன்ஜினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர். டீக்கடையில் பெரிய அடுப்பை வேகமாக எரித்தால் சிலிண்டர் வேர்த்து, சில நேரம் அடியில் வெள்ளையாகப் பனி பிடிக்குமே, அதே கதைதான். பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே குளிர்ந்து, காற்று போகும் வழியைப் பனி அடைக்கும். வெளியே பிளஸ் பத்து டிகிரி, ஈரக்காற்று என்றால்தான் இது அதிகம். இன்ஜின் சுற்றும் வேகம் (ஆர்பிஎம்) மெல்ல இறங்கும். உடனே கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் 'கார்ப் ஹீட்' கைப்பிடியை இழுக்க வேண்டும். உருகிய தண்ணீர் உள்ளே போவதால் இன்ஜின் முதலில் இன்னும் தடுமாறும். அதைக் கண்டு பயந்து கைப்பிடியைத் திரும்பத் தள்ளிவிட்டால் போச்சு.

விமானி உட்காரும் இடத்துக்குச் சூடு தரும் ஹீட்டரையும் கவனிக்கச் சொல்லுங்கள். புகைபோக்கிக் குழாயின் சூட்டில்தான் அது ஓடுகிறது. குழாயில் விரிசல் விட்டால் வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு உள்ளே வரும். அதைக் காட்டிக்கொடுக்கும் சின்னக் கருவி அவள் பையில் இருக்கட்டும்.

ஆனால் நான் அதிகம் பயப்படுவது மேகத்துக்குத்தான். தொப்பூர் கணவாயில் மூடுபனி இறங்கினால் வண்டியை ஓரங்கட்டி ஒரு டீ குடிக்கலாம். வானத்தில் ஓரம் ஏது? அடிவானம் மறைந்ததும், உடலின் சமநிலையைச் சொல்லும் உள்காது ஏமாற்றும். சாய்ந்து பறப்பதே நேராகப் பறப்பதாகத் தோன்றும். 1959 பிப்ரவரி 3 அன்று அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், லேசான பனிப்பொழிவு இருந்த இரவில், பாடகர் பட்டி ஹாலி சென்ற சிறிய விமானம் விழுந்தது. விமானிக்கு வயது 21. கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதி பெறாதவர்.

அங்கே கிளம்பாமல் இருந்திருக்கலாம். ஆனால் கடன் வாங்கிப் படிக்கும் பிள்ளைக்கு "இன்று வேண்டாம்" என்று சொல்வது லேசு இல்லை. அதனால் அவள் "இன்னைக்கு கேன்சல்பா" என்று போன் செய்தால், பயிற்சியில் பறக்க வேண்டிய மணிக்கணக்கு எவ்வளவு பாக்கி என்று கேட்காதீர்கள். சரிம்மா, சாப்பிட்டியா என்று கேளுங்கள்.