டர்போ இல்லாத எஞ்சின், டைனோ, ட்யூனிங்: கேள்வி பதில்

வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஹோண்டாவின் கே20ஏ எஞ்சின் பற்றியவை. அதனால் எஃப்டி2 சிவிக் டைப் ஆரில் இருக்கும் கே20ஏவையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். 1998 சிசி, போர் (சிலிண்டரின் விட்டம்) 86, ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 86 மில்லிமீட்டர், கம்ப்ரஷன் (கலவையை அமுக்கும் விகிதம்) 11.7. கம்பெனிக் கணக்கில் 8000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) 225 பிஎஸ் (குதிரை சக்தி), 6100இல் 215 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை). டைனோ என்பது இவற்றை அளக்கும் இயந்திரம்.

கிள்ளானிலிருந்து: அண்ணே, என் எஃப்டி2 ஸ்டாக் கார், கம்பெனியில் வந்தபடியே இருக்கு. டைனோவில் சக்கரத்தில் 192 தான் காட்டுச்சு. 225 எங்கே போச்சு? எஞ்சின் தேஞ்சிருச்சா?

அந்த எண்ணை மட்டும் வைத்து எஞ்சின் தேய்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது தம்பி. 225 என்பது எஞ்சினைத் தனியாகக் கழற்றி வைத்து கிராங்கில், அதாவது எஞ்சினின் சுழல் தண்டில் அளந்தது. நீங்கள் அளந்தது கியர்பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட், டயர் எல்லாம் தின்றது போக மிச்சம். டயரின் காற்றழுத்தம், ரோலர் மேல் காரை எவ்வளவு இறுக்கிக் கட்டினார்கள் என்பதெல்லாம்கூட அந்த மிச்சத்தை மாற்றும். சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஹப்பில் நேராக மாட்டும் டைனோவில் டயர் நஷ்டம் கிடையாது, அதனால் பெரும்பாலும் எண் கூடுதலாக வரும்.

"15 சதவீதம் நஷ்டம்" என்று பெருக்கி கிராங்க் பவரைக் கண்டுபிடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நஷ்டம் நிலையான சதவீதம் அல்ல. வேகம், ஆயில் சூடு, கியர் எல்லாவற்றுக்கும் ஏற்ப மாறும். 192 உங்கள் அடிப்படை அளவு. இனி எதை மாற்றினாலும் அதே டைனோவில், அதே கியரில், அதே டயர் காற்றில் ஓட்டி, அதனோடு ஒப்பிடுங்கள்.

சென்னை: சார், என் நண்பன் பெங்களூரில் அதே மாதிரி காரை டைனோ போட்டான். அவன் ஷீட்டில் என்னைவிடக் குறைவு. ஊர்தான் காரணமா?

முதலில் இரண்டு ஷீட்டிலும் காற்றின் சூடு, அழுத்தத்துக்காக எண்ணைத் திருத்தும் கரெக்‌ஷன் என்ன என்று பாருங்கள். டர்போ இல்லாத எஞ்சின் வெளிக்காற்றை நம்பியே மூச்சு விடுகிறது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய 910 மில்லிபார். சென்னையில் 1005 பக்கம் இருக்கும்.

எஸ்ஏஇ ஜே1349 கணக்கு 25 டிகிரி வெப்பம், 990 மில்லிபார் உலர் காற்று என்று வைத்து எண்ணைத் திருத்துகிறது. சென்னையில் 35 டிகிரி புழுக்கத்தில் பெருக்கும் எண் 1.04 அளவில் வரும். பெங்களூரில் 28 டிகிரியில் 1.14. அதாவது திருத்தாமல் பார்த்தால் ஒரே கார் பெங்களூரில் 9 சதவீதம் குறைவாகக் காட்டும். இதில் எஸ்டிடி என்று பழைய முறை ஒன்றும் உண்டு. அது 15.5 டிகிரிக்குத் திருத்துவதால் எஸ்ஏஇயைவிட 4 சதவீதம் வரை கூடுதலாக வரும். கடைக்காரர் அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் 200 குதிரை 208 ஆகிவிடும். ஷீட்டின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும், அவசியம் பாருங்கள்.

சிங்கப்பூர்: கே20ஏவை நீங்கள் எந்த வரிசையில் ட்யூன் செய்வீர்கள்? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

முதல் வேலை எதையுமே தொடாமல் மூன்று ரன். கூலன்ட், ஆயில், உள்ளே போகும் காற்று மூன்றின் சூட்டையும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகு ஓட்ட வேண்டும். மூன்று கோடுகளும் 1 சதவீதத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்று விழவில்லை என்றால் ட்யூனிங்கை ஆரம்பிக்கவே மாட்டேன். டர்போ காரில் பூஸ்டைக் கொஞ்சம் ஏற்றினால் 30 குதிரை வந்துவிடும், அளவில் இரண்டு மூன்று பிசகினாலும் தெரியாது. இங்கே நாம் தேடுவதே அந்த இரண்டு மூன்றுதான். காற்று 10 டிகிரி சூடேறினாலே அவ்வளவும் போய்விடும்.

அடுத்து பெட்ரோல். டைமிங்கை (பிளக் பொறி விடும் நேரத்தை) அடக்கி வைத்துக்கொண்டு, முழு ஆக்ஸிலேட்டரில் லாம்டாவை (காற்று-பெட்ரோல் கலவையின் அளவு, 1க்குக் கீழே என்றால் பெட்ரோல் கூடுதல்) 0.88 பக்கம் சமன் செய்வேன்.

பிறகு விடிசி, அதாவது காற்று உள்ளே வரும் வால்வுகளைத் திறக்கும் இன்டேக் கேமை முன்பின் நகர்த்தும் ஏற்பாடு. 10 டிகிரி, 20, 30 என்று ஒவ்வொன்றிலும் ஒரு ரன் ஓட்டி எல்லாக் கோடுகளையும் ஒரே திரையில் வைத்தால், எந்த ஆர்பிஎம்மில் எந்தக் கோணம் மேலே நிற்கிறது என்று கண்ணுக்கே தெரியும். நடு ஆர்பிஎம்மில் கூடுதல் கோணம் கேட்கும், மேலே போகப் போகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். பெரிய கேம் போட்டிருந்தால் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளியை முன்கூட்டியே அளந்து, அதற்குள்தான் கோணம் வைக்க வேண்டும். விடிசி மாறினால் உள்ளே போகும் காற்றும் மாறும், அதனால் பெட்ரோலை மறுபடி சரிபார்க்க வேண்டும்.

விடெக், அதாவது சின்ன கேமிலிருந்து பெரிய கேமுக்கு மாற்றும் ஏற்பாடு, எங்கே மாற வேண்டும் என்பதற்கு ஊகம் வேண்டாம். சின்ன கேமிலேயே 6500 வரை ஒரு ரன், பெரிய கேமை 4000லிருந்தே போட்டு ஒரு ரன். இரண்டு டார்க் கோடும் வெட்டிக்கொள்ளும் இடமே பதில். நல்ல இன்டேக்கும் (காற்று வரும் வழி) ஹெடரும் (எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாய்கள்) போட்ட காரில் அந்த இடம் ஸ்டாக்கைவிடக் கீழே இறங்குவது வழக்கம்.

டைமிங் கடைசி. 2 டிகிரி ஏற்றுவேன், டார்க் ஏறினால் வைத்துக்கொள்வேன், ஏறவில்லை என்றால் பழைய இடத்துக்கே திரும்புவேன். உச்சியில் அந்தக் கோடு தட்டையாகிவிடும். அங்கே கடைசி 2 டிகிரியில் டார்க் எதுவும் கிடைக்காது, பாதுகாப்பு மட்டும் குறையும். பிளாக்கில் மைக் வைத்து ஹெட்போனில் கேட்டுக்கொண்டே ஓட்டுவேன். எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே சோளம் பொரிவது போல ஒன்றிரண்டு சத்தம் (நாக், அதாவது கலவை தானாக வெடிப்பது) கேட்டால் உடனே ஆக்ஸிலேட்டரை விட்டுவிட வேண்டும். டார்க் உச்சத்தில் இருக்கும் 6000 சுற்றுவட்டாரத்தில்தான் அது முதலில் வரும், சிலிண்டர் அங்கேதான் அதிகம் நிறைகிறது.

ஈப்போ: 4-1 ஹெடர் (நாலு குழாயும் நேரா ஒண்ணாச் சேருறது) போட்டேன், மேலே ஏறுச்சு, 4500ல பள்ளம் விழுந்துருச்சு. ஏமாந்துட்டேனா அண்ணே?

காரை எங்கே ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எஃப்டி2 கியர்பாக்ஸில் இரண்டாவது கியர் 2.130, மூன்றாவது 1.517. 8400இல் மாற்றினால் ஊசி 6000க்குத்தான் இறங்கும். டிராக்கில் நீங்கள் 4500ஐப் பார்க்கவே மாட்டீர்கள், 6000 முதல் 8400 வரை கோட்டுக்குக் கீழே உள்ள பரப்புதான் கணக்கு. தினமும் வேலைக்குப் போகிற கார் என்றால் நான் 4-2-1 ஹெடரைத்தான் (நான்கு குழாய் இரண்டாகி, பிறகு ஒன்றாவது) சொல்வேன்.

சென்னை: ஹெடர், இன்டேக், ட்யூன் போட்டு 280 குதிரை எடுக்கலாம் என்கிறார்களே?

அதே 2 லிட்டரில், ஸ்டாக் கேமில், முடியாது. 215 நியூட்டன் மீட்டர் என்றால் லிட்டருக்கு 107.6. ரோட்டு எஞ்சினுக்கு இதுவே உச்சத்துக்குப் பக்கம். டார்க்கைப் பெரிதாக ஏற்ற முடியாது, அதை மேலே வரை பிடித்து வைக்கத்தான் முடியும். 8000இல் 225 பிஎஸ் என்பது அங்கே 197 நியூட்டன் மீட்டர். அதே 197ஐ 8600 வரை இறங்காமல் வைத்தால் 241 பிஎஸ். அதற்குக் கேம், வால்வ் ஸ்பிரிங், சிலிண்டர் ஹெட்டில் போர்ட் வேலை (காற்று வழிகளைச் சீராக்குவது) எல்லாம் வேண்டும். அந்த வேகத்தில் பிஸ்டனின் சராசரி ஓட்டம் வினாடிக்கு 24.7 மீட்டர். அதற்கு மேல் போகிறவர்கள் ராட், போல்ட்டுக்கும் பணம் ஒதுக்கிவிட்டுத்தான் போக வேண்டும்.

கோவை: அண்ணா, பழைய ஹோண்டா சிட்டி 1.5 விடெக். இப்போ பங்க்கில் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) தான். மீட்டரில் 13 காட்டினா போதுமா?

புகைக் குழாயில் மாட்டும் வைட்பேண்ட் சென்சார் அளப்பது லாம்டாவை. அதை 14.7ஆல் பெருக்கித்தான் பெரும்பாலான மீட்டர்கள் காட்டுகின்றன. அதனால் மீட்டரில் 12.9 என்றால் இ20இலும் லாம்டா 0.88தான், இலக்கு மாறவில்லை. ஆனால் அந்த இலக்கைத் தொட இ20இல் சுத்தப் பெட்ரோலைவிட 8, 9 சதவீதம் கூடுதலாக ஊற்ற வேண்டும். முழு ஆக்ஸிலேட்டரில் சென்சாரைப் பார்த்துத் திருத்தாத ஈசியூ (எஞ்சின் கணினி) பழைய அளவையே ஊற்றும், கலவை மெலிந்துவிடும். டைனோவில் ஏற்றும் முன் பெட்ரோல் ஹோஸ்களை மாற்றிவிடுங்கள், அந்த வயசு ரப்பருக்கு எத்தனால் ஆகாது.

திருச்சி: எடை குறைந்த ஃப்ளைவீல் போட்டதும் டைனோவில் 4 குதிரை ஏறியது. நிஜமா?

எரிப்பில் ஒன்றும் கூடவில்லை. உருளையைச் சுழற்றி வேகமேற்றி அளக்கும் டைனோவில் எஞ்சின் தன் ஃப்ளைவீலையும் சேர்த்தே முடுக்குகிறது. அந்தச் சுமை குறைந்ததால் சக்கரத்துக்குக் கூடுதலாக வந்தது. ரோட்டில் கீழ் கியர்களில் அந்த ஆதாயம் உண்மையிலேயே கிடைக்கும். பிரேக் வைத்து ஆர்பிஎம்மை ஒரே இடத்தில் நிறுத்தி அளந்தால் கிடைக்காது.

ஷா ஆலம்: அடுத்த மாசம் செப்பாங் டிராக் டே. டைனோவில் முடிச்ச ட்யூனோட அப்படியே போகலாமா?

டைனோவில் ஒரு ரன் பத்துப் பதினைந்து வினாடி. செப்பாங்கில் இரண்டு நீண்ட நேர்சாலைகள், சுற்றுக்குச் சுற்று முழு ஆக்ஸிலேட்டர், ஆயில் சூடு டைனோவில் பார்த்ததைத் தாண்டிப் போகும். முதல் செஷனில் நாலு சுற்று மட்டும் ஓட்டி உள்ளே வாருங்கள். லாகில் (ஈசியூ வைத்திருக்கும் பதிவு) நாக் எண்ணிக்கை, காற்றுச் சூடு, ஆயில் அழுத்தம் மூன்றையும் பாருங்கள். நாக் பதிவாகியிருந்தால் 5500 முதல் 7000 வரை 2 டிகிரி டைமிங்கை எடுத்துவிட்டு அடுத்த செஷனுக்குப் போங்கள். ரான் (ஆக்டேன் அளவு) 97 பெட்ரோலுக்கு ட்யூன் செய்த காரில் அவசரத்துக்கு 95 ஊற்றிவிடாதீர்கள், அன்று காலையே டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.