வார்டு மாறியது, வீட்டு எண்ணும் மாறியது: இனி என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் வழியில் எங்கள் வீடு. அப்பா காலத்திலிருந்து வீட்டு எண் 5/213. இப்போது வரி ரசீதில் 8/97 என்று வருகிறது. அடுத்த வீட்டுக்கு 8/341. ரேஷன் கார்டு, கரண்ட் பில், வங்கிக் கடன் எல்லாவற்றிலும் பழைய எண்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டுமா? நாளைக்கு வீட்டை விற்கப் போனால் சிக்கல் வருமா? சுவரில் நான்கைந்து எண்கள் இருக்கின்றன, எது சரி என்றே தெரியவில்லை. படம் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: பயப்பட ஒன்றுமில்லை. எண் மாறியதால் உங்கள் உரிமையில் ஒரு மாற்றமும் கிடையாது. கேரளத்தில் மண்ணின் உரிமை ஆதாரத்தில், அதாவது சொத்துப் பத்திரத்தில் இருக்கிறது, அதில் எழுதியுள்ள சர்வே எண்ணில் இருக்கிறது, வில்லேஜ் ஆபீஸில் உங்கள் பெயரில் ஓடும் நிலவரிக் கணக்கான தண்டப்பேரில் இருக்கிறது. நிலக்கரம் (நிலவரி) கட்டும் ரசீதில் இவை வரும். பஞ்சாயத்து தரும் வீட்டு எண் கட்டடத்துக்கானது. கட்டட வரிப் பதிவேட்டில் உங்கள் வீட்டைக் கண்டுபிடிக்க அவர்கள் வைத்திருக்கும் அடையாளம் அது.

அந்த எண்ணை இரண்டாகப் பிரித்துப் படியுங்கள். சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது வார்டு, பின்னால் இருப்பது அந்த வார்டுக்குள் உங்கள் வீட்டின் எண். வார்டு எல்லையோ வார்டின் வரிசையோ மாறினால், உங்கள் வீட்டில் ஒரு செங்கல்கூட அசையாமலே முன்பாதி மாறிவிடும். இப்போது நடந்திருப்பது அதுதான். ஒரு கிராமப் பஞ்சாயத்தில் குறைந்தது 13, அதிகம் 23 வார்டுகள் என்று இருந்ததை 14, 24 என்று 2024இல் சட்டம் திருத்தி உயர்த்தினார்கள். அதையொட்டி எல்லைகளைப் புதிதாக வரைந்து, 2025 டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தலும் அந்தப் புதிய வார்டுகளில் நடந்தது. ஒரு வார்டு கூடினாலே பக்கத்து வார்டுகளின் எல்லைகள் எல்லாம் நகரும்.

சரி, பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்கு 97, 341 என்று ஏன் இவ்வளவு தூரம்? உங்கள் கேள்வியிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. வீட்டுக்கு எண் போடுவதில் உலகெங்கும் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தெருவின் ஒரு முனையில் தொடங்கி, ஒரு பக்கம் ஒற்றைப்படை, எதிர்ப்பக்கம் இரட்டைப்படை என்று போவது. பாரிஸ் நகரம் 1805இல் இந்த முறைக்கு மாறியது. இன்றைக்கும் அங்கே சேன் ஆற்றிலிருந்து விலகிப் போகும் தெருக்களில் ஆற்றங்கரை முனையில்தான் எண் தொடங்கும். வழி கேட்டு வருகிறவருக்காக ஏற்பட்ட எண் இது. இன்னொரு வழி, வீடு பதிவேட்டில் ஏறும் வரிசையிலேயே எண் கொடுப்பது. ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசா 1770இல் படைக்கு ஆள் சேர்க்கும் கணக்குக்காக ஊர் ஊராக வீடுகளுக்கு எண் போட வைத்தார். பின்னால் கட்டிய வீடு எந்த மூலையில் இருந்தாலும் அடுத்த எண்தான் கிடைத்தது. பிராக் நகரில் இன்றும் ஒரே வாசலில் இரண்டு பலகைகள் இருக்கும்: பதிவேட்டு எண்ணுக்குச் சிவப்பு, தெரு வரிசை எண்ணுக்கு நீலம்.

நம் பஞ்சாயத்து எண் அந்தச் சிவப்புப் பலகையின் இனம். வரிசையாக எண் போட்டு முடித்த பிறகு எழும்பும் வீட்டுக்குப் பெரும்பாலும் வார்டின் கடைசி எண்ணையோ, 97ஏ மாதிரி ஓர் ஒட்டெழுத்தையோ கொடுப்பார்கள். வார்டைப் பிரித்துச் சேர்க்கும்போது வேறு பழைய வார்டிலிருந்து வந்த வீடுகளும் கலக்கும். நம் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் வீடுகள் தோப்புக்குள்ளும் களத்து ஓரத்திலும் தனித்தனியாக நிற்பவை. தெருவே இல்லாத இடத்தில் தெரு வரிசை ஓடாது. அதனால்தான் இங்கே எல்லோரும் வீட்டுப் பெயரைச் சொல்கிறார்கள், களம், சள்ளை, பதி என்று முடியும் இடப்பெயர் சொல்கிறார்கள். அது வெறும் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். முகவரியாக அது பஞ்சாயத்து எண்ணைவிட உறுதியானது.

இப்போது உங்கள் படம். நிலைக்கு இடப்பக்கம் சாக்பீஸில் 'பி' என்ற எழுத்தும் கீழே ஓர் எண்ணும் இருக்கின்றனவே, அது போலியோ சொட்டு மருந்துக்காரர்கள் வந்துபோன குறி. கட்டம் கட்டமாக இருக்கும் கியூஆர் ஸ்டிக்கர் ஹரித கர்ம சேனையினர் குப்பை எடுத்ததைப் பதிவு செய்ய ஒட்டியது. நீலப் பெயின்டில் தேய்ந்து தெரிவது 5/213, உங்கள் பழைய எண். அதன் மேல் அலுமினியத் தகட்டில் இருப்பதும் அதே 5/213. 8/97 இன்னும் சுவருக்கு வரவில்லை, ரசீதில் மட்டும் வந்திருக்கிறது. ஆகவே இன்றைய தேதிக்குச் சரியான எண் 8/97தான். பழைய தகட்டைக் கழற்ற வேண்டாம். இன்னும் சில வருடங்களுக்கு ஆட்கள் அதைப் பார்த்துத்தான் வருவார்கள்.

முதல் வேலையாகப் பஞ்சாயத்துக்கு ஒரு விண்ணப்பம் கொடுங்கள். பழைய 5/213உம் இப்போதைய 8/97உம் ஒரே கட்டடம்தான் என்று எழுதிய சான்று வேண்டும் என்று கேளுங்கள். ஓனர்ஷிப் சர்டிபிகேட் வாங்கும்போதே இரண்டு எண்களும் வரும்படி கேட்டாலும் போதும். கிராமப் பஞ்சாயத்துகளிலும் 2025 ஏப்ரல் முதல் உள்ளாட்சிச் சேவைகளுக்கான கே-ஸ்மார்ட் இணையதளம் வந்துவிட்டதால் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். பழைய எண் போட்ட கடைசி வரி ரசீதையும் புது எண் போட்ட முதல் ரசீதையும் சேர்த்து வையுங்கள். அந்த இரண்டு தாள்கள் பல அலைச்சலை மிச்சப்படுத்தும்.

சான்று கையில் வந்ததும் வங்கிக்கு ஒரு கடிதம் எழுதி நகலை இணையுங்கள். வீட்டுக்குத் தீக் காப்பீடு இருந்தால் அந்தக் கம்பெனிக்குப் புது எண்ணைத் தெரிவிப்பதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். பாலிசியில் ஓர் எண், ரசீதில் வேறோர் எண் என்று இருந்தால் இழப்பீடு கேட்கிற நேரத்தில் வீண் கேள்வி வரும். மின்வாரியம் உங்களைக் கன்சியூமர் எண்ணால் அறிகிறது, அங்கே அவசரமில்லை. ரேஷன் கார்டில் வேறு ஏதாவது திருத்தம் வரும்போது இதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆதாரில் வீட்டுப் பெயர், இடம், தபாலாபீஸ், பின்கோடு சரியாக இருந்தால் அப்படியே விடுங்கள்.

பின்கோடு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நம் சித்தூர் 678இல் தொடங்கும், ஆந்திரச் சித்தூர் 517இல் தொடங்கும். தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். 1972 ஆகஸ்ட் 15இல் பின்கோடு வந்ததே இப்படி ஒரே பெயருள்ள ஊர்களின் குழப்பம் தீரத்தான். தபால் துறை 2025இல் கொண்டுவந்த டிஜிபின் இன்னும் நுணுக்கமானது: சுமார் 4 மீட்டருக்கு 4 மீட்டர் சதுரத்தைப் பத்து எழுத்து எண்களால் குறிக்கிறது. வார்டு மாறினாலும் அது மாறாது. பார்சல்காரருக்குச் சொல்ல நல்லது. ஆனால் வீடு யாருடையது என்று அது சொல்லாது, ஆதாரத்துக்கோ வரிக்கோ மாற்றாகவும் ஆகாது.

புது எண்ணோடு 'யு.ஏ.' என்று எழுத்து இருக்கிறதா என்று மட்டும் ரசீதில் பார்த்துவிடுங்கள். அனுமதியில்லாமல் கட்டிய கட்டடம் என்று பஞ்சாயத்து கருதினால், வரி வாங்குவதற்காக மட்டும் அப்படி எண் போடும். வரியும் கூடும், கட்டடமும் முறைப்படாது. பின்பக்கம் ஓர் அறை சேர்த்துக் கட்டியிருந்தால் இது வர வாய்ப்புண்டு. வந்திருந்தால் உடனே பஞ்சாயத்துப் பொறியாளரைப் பார்த்து முறைப்படுத்தும் வழியைக் கேளுங்கள். விற்கும்போது கட்டடத்துக்குச் சிக்கல் வந்தால் அநேகமாக இந்த இடத்தில்தான் வரும்.

விற்கிற நாள் வந்தால் ஆதாரம் எழுதுகிறவரிடம் 'பழைய எண் 5/213, தற்போதைய எண் 8/97' என்று இரண்டையும் சொத்து விவரத்தில் எழுதச் சொல்லுங்கள். சென்னை முகவரிகளில் பழைய எண், புதிய எண் என்று போடுகிறார்களே, அதே முறைதான். பாகம் பிரித்தாலும் உயில் எழுதினாலும் இப்படியே செய்யுங்கள். இன்னொரு முறை வார்டு பிரித்து மூன்றாவது எண் வந்தால், அதையும் இந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம்.