தாத்தாவோட விரல் கணக்கு

"உங்க தாத்தாவ நெனச்சா மொதல்ல என்ன ஞாபகம் வரும்?"னு கேட்டிருக்கீங்க. எனக்கு அவர் நீட்டின கை தான். சாயங்காலம் ஆனா கைய நேரா நீட்டி, உள்ளங்கைய தன் பக்கம் மடக்கி, சூரியனோட அடிப்பக்கத்துக்கும் அடிவானத்துக்கும் நடுவுல எத்தனை விரல் அடங்குதுன்னு எண்ணுவார். ஒரு விரலுக்கு பதினஞ்சு நிமிஷம், நாலு விரல்னா இருட்ட இன்னும் ஒரு மணி நேரம், அதான் கணக்கு.

மனுஷன் வீட்டுல இருந்தா எதுக்கும் வாய தொறக்க மாட்டார். வெளிய கால வெச்சுட்டார்னா வேற ஆள். காடு, மலை, ஏரிக்கரை எங்க போனாலும் பின்னாடியே நான். எனக்குன்னு ஒரு தூண்டில் இருந்துச்சு, ஒவ்வொரு வருஷமும் லீவு ஆரம்பிச்சதும் என்ன செவுத்தோரம் நிக்க வெச்சு அளந்து புதுசா மூங்கில் வெட்டுவார், பழசு நல்லாத்தான் இருக்கும் ஆனா "நீ வளந்துட்ட, அது வளரல"ம்பார். சின்ன மீன் மாட்டினா திரும்ப விட்டுரணும், அதுவும் மொதல்ல கைய தண்ணியில நனைச்சுட்டுத்தான் தொடணும், காஞ்ச கையால புடிச்சா மேல இருக்குற வழவழப்பு போயிடும், அப்புறம் அதுக்கு நோய் வரும்னு சொல்லுவார். மின்னல் அடிச்சா எண்ண ஆரம்பிக்கணும், 3 செகண்டுக்கு 1 கிலோமீட்டர், 30 எண்றதுக்குள்ள இடி கேட்டா தூண்டில அங்கயே போட்டுட்டு கிளம்பணும். இதுல மட்டும் எவ்ளோ கெஞ்சினாலும் மசிய மாட்டார்.

சரி, விரல் கணக்குக்கு வரேன். எனக்கு பத்து வயசு இருக்கும், மலை மேல இருந்து இறங்கிட்டு இருந்தோம். கைய நீட்டி பாத்தார், நாலு விரல், "ஒரு மணி நேரம் இருக்கு, மெதுவா போலாம்"னு ஒரு பாறையில உக்காந்துட்டார். பாதி வழி கூட வரல, சூரியன் பொசுக்குனு உள்ள போயிடுச்சு. டார்ச் இல்ல. ரெண்டு பேரும் கைய புடிச்சுக்கிட்டு கால தடவி தடவி இறங்கி வீட்டுக்கு வந்து சேந்தோம், பாட்டி விட்ட டோஸ் இருக்கே, அத இங்க எழுத முடியாது.

வேற யாரா இருந்தாலும் மேகம் மறைச்சுடுச்சுன்னு ஏதாவது சொல்லி சமாளிச்சிருப்பாங்க. இவர் மறுநாள் சாயங்காலம் வாட்ச்ச கழட்டி என் கையில குடுத்துட்டு மொட்டை மாடியில உக்காந்துட்டார். அவர் விரல எண்ண எண்ண நான் நேரம் எழுதணும். மூணு நாள் பாத்தோம். ஒரு விரலுக்கு எட்டு நிமிஷம் தான் வந்துச்சு! பின்னாடி காலேஜ்ல போட்டு பாத்தேன், சரியாத்தான் இருக்கு. சூரியன் மணிக்கு 15 டிகிரி நகருது, நீட்டின கையில ஒரு விரல் சுமார் 2 டிகிரி, நேரா கீழ இறங்குற இடத்துல அப்போ எட்டு நிமிஷம் தான். பதினஞ்சுங்குறது பூமத்திய ரேகைய விட்டு ரொம்ப தள்ளி, சூரியன் நல்லா சாய்வா இறங்குற ஊருக்கு பொருந்துற கணக்கு, இவர் எங்கயோ படிச்சுட்டு அப்படியே நம்பியிருக்கார். (யாரும் சூரியன நேரா உத்துப் பாக்காதீங்க, கண்ணு போயிடும்.)

எனக்கு அவர்கிட்ட ரொம்ப புடிச்சது அதுக்கப்புறம் நடந்தது தான். யார் யாருக்கெல்லாம் இத சொல்லிக் குடுத்திருந்தாரோ அத்தனை பேருக்கும் ஃபோன் போட்டு "நான் தப்பா சொல்லிட்டேன்பா, பாதி தான், திருத்திக்கோ"ன்னு சொன்னார். சிலருக்கு அவர் என்னத்த பத்தி பேசறார்னே புரியல. அன்னையிலேர்ந்து டார்ச் இல்லாம வாசப்படி தாண்டுனதும் இல்ல.

கடைசி வருஷத்துல பார்வை கிட்டத்தட்ட போயிடுச்சு. ஏரிக்கரைக்கு மட்டும் கூட்டிட்டு போவேன், தூண்டில் எல்லாம் இல்ல, சும்மா உக்காந்திருப்போம். கடைசியா போன அன்னிக்கு "எத்தனை விரல் இருக்கு?"ன்னு கேட்டார். ஒண்ணு கூட முழுசா இல்ல. எனக்கு கிளம்ப மனசு வரல, "மூணு இருக்கு தாத்தா"ன்னு சொல்லிட்டேன்.

கொஞ்ச நேரம் மூஞ்ச மேற்கு பக்கம் திருப்பி வெச்சிருந்தார். "மூணு விரல் வெயில் இப்படி சில்லுனு இருக்காதே"ன்னார். நான் பேசல. அப்புறம் பைக்குள்ள கைய விட்டு தடவி டார்ச்ச எடுத்து என் மடியில வெச்சுட்டு, "சரி, மூணுன்னே வெச்சுக்குவோம்"னு சொல்லிட்டு நல்லா சாஞ்சு உக்காந்துக்கிட்டார்.