யாரிடமும் சொல்லமாட்டேன் – கடிதம்

அன்புள்ள சார்,

தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் ஒரு தொடக்கப்பள்ளியில் இப்போது கற்பித்தல் பயிற்சி. எனக்கு மூன்றாம் வகுப்பு.

வகுப்பில் ஒரு பையன். தினமும் பத்தரை, பதினொரு மணி ஆனால் "வயிறு வலிக்கு டீச்சர்" என்று வந்து நிற்பான். தண்ணீர் கொடுத்துக் கொஞ்சநேரம் படுக்கச் சொல்வேன். போன வாரம் அப்படிப் படுத்திருந்தவன் அழ ஆரம்பித்துவிட்டான். மதியம் மற்ற பிள்ளைகள் சாப்பிடப் போனபிறகு கேட்டேன். படகு போகாததால் அப்பா இப்போது வீட்டில் இருக்கிறாராம். ராத்திரி குடித்துவிட்டு அம்மாவை அடிக்கிறாராம். "நான் ஒறங்காம முழிச்சிருப்பேன், நான் ஒறங்கினா அம்மையை அதிகமா அடிச்சிரும்" என்றான். சொல்லி முடித்ததும் யாரிடமும் சொல்லக்கூடாது என்று கையை நீட்டினான். நானும் கையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டேன்.

வகுப்பாசிரியரிடம் பொதுவாக, பெயர் சொல்லாமல் கேட்டுப் பார்த்தேன். "குடும்ப விஷயத்துல தலையிடாதீங்க, பாடக்குறிப்பை முடிங்க" என்றார். குழந்தைகளின் மனநலம் பற்றிப் பத்து மதிப்பெண் விடை என்னால் எழுத முடியும். ஆனால் அவன் முன்னால் உட்கார்ந்தால் என்ன பேசுவதென்று தெரியவில்லை. எதையாவது தப்பாகச் சொல்லி அவனை இன்னும் கஷ்டப்படுத்திவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நான் இன்னும் முழு டீச்சர்கூட இல்லை. பயிற்சி முடிய மூன்று வாரம்தான் இருக்கிறது.

நீங்கள் நிறைய வருடம் தொடக்கப்பள்ளியில் வேலை பார்த்தவர் என்பதால் எழுதுகிறேன். என் பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள டீச்சர்,

உங்களை அப்படித்தான் அழைக்கப் போகிறேன். பட்டயம் கைக்கு வரும்போது வரட்டும். அந்தப் பையன் தன் வயிற்றுவலியை உங்களிடம்தான் கொண்டு வருகிறான்.

கடிதம் வந்த அன்றே உங்களுக்குச் சுருக்கமாகப் பதில் எழுதிவிட்டேன். அவசரமான பகுதி அதில் இருந்தது. மற்ற பயிற்சி மாணவர்களுக்கும் இந்த நிலை வரும் என்பதால் உங்கள் சம்மதத்தோடு இங்கே விரிவாக எழுதுகிறேன். பையனையோ ஊரையோ அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன்.

அவனுக்குக் கொடுத்த சத்தியத்தை நீங்கள் காப்பாற்றக் கூடாது. கடினமாக இருந்தாலும் இதுதான் முதல் விஷயம். எட்டு வயதுப் பிள்ளை ஒரு வீட்டின் இரவுக் காவலை ஏற்றுக்கொண்டிருக்கிறான். நீங்கள் சொல்லாமல் இருந்தால் அந்தக் காவலில் அவனோடு இன்னொருவர் சேர்கிறீர்கள், அவ்வளவுதான். காவல் தொடரும். ஆனால் அவனுக்குத் தெரியாமல் போய்ச் சொல்லவும் கூடாது. முதலில் அவனிடமே சொல்லுங்கள். கதவு திறந்திருக்கிற, ஆனால் மற்ற பிள்ளைகள் இல்லாத ஓர் இடத்தில், அவன் உயரத்துக்கு உட்கார்ந்துகொண்டு, நம் பேச்சிலேயே சொல்லலாம். "மக்களே, யார்ட்டயும் சொல்லமாட்டேன்னு டீச்சர் சொன்னேன் இல்லியா, அது நான் செய்த தப்பு. ஒனக்கும் அம்மைக்கும் ஒண்ணும் ஆகாம இருக்கணும்னா இன்னொரு பெரிய ஆள்ட்ட சொல்லித்தான் ஆகணும். ஹெச்.எம்.கிட்ட சொல்லப் போறேன். கிளாஸ்ல ஒருத்தருக்கும் தெரியாது. நீ எங்கிட்ட சொன்னது நல்ல காரியம்." அவன் கோபப்படலாம். இரண்டு நாள் முகம் கொடுக்காமலும் இருக்கலாம். பொறுத்துக்கொள்ளுங்கள், நீங்கள் மட்டும் மாறாமல் இருங்கள்.

பிறகு தலைமையாசிரியரிடம் போங்கள். அவன் சொன்னதை அவன் வார்த்தையிலேயே, தேதி போட்டு எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊகங்களை அதில் சேர்க்காதீர்கள். அவர் கேட்கவில்லை என்றால் உங்கள் பயிற்சி நிறுவனத்தின் விரிவுரையாளரிடம் சொல்லுங்கள். அங்கேயும் நடக்கவில்லை என்றால் 1098 இருக்கிறது, குழந்தைகளுக்கான உதவி எண், எந்த நேரமும் கூப்பிடலாம். கல்வித்துறையின் 14417 எண்ணும் உண்டு. அந்த அம்மாவுக்கு 181. பெண்களுக்கான உதவி எண் அது. பள்ளிக்கு அவர் வரும்போது ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால்கூடப் போதும். ஆனால் கணவர் பார்க்கும்படி கொடுத்துவிடாதீர்கள். தயவுசெய்து நீங்கள் அந்த வீட்டுக்குப் போய் அப்பாவிடம் நியாயம் கேட்காதீர்கள். அன்று ராத்திரி அதன் விலையைக் கொடுக்கப் போவது அந்த அம்மா.

அவனைத் துருவிக் கேட்கவும் வேண்டாம். எத்தனை தடவை, எதை வைத்து என்பதையெல்லாம் கேட்க அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் கேட்கக் கேட்க, அவன் திரும்பத் திரும்ப அந்த ராத்திரிக்குள் போய்வர வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பிள்ளை தன்னை ஒருவர் தொடக்கூடாத விதத்தில் தொட்டதாகச் சொன்னால், யோசிக்க இடமே கிடையாது. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, விஷயம் தெரிந்தவர் யாராக இருந்தாலும் காவல்துறைக்குச் சொல்லியே தீரவேண்டும். சொல்லாமல் மறைப்பது குற்றம். பயிற்சி மாணவி என்ற விலக்கு அதில் இல்லை.

சரி, வயிற்றுவலிக்கு வருகிறேன். அது நிஜமான வலி. நடிக்கிறான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பயமும் உறக்கமின்மையும் சின்னப் பிள்ளைகளுக்கு வயிற்றிலும் தலையிலும்தான் முதலில் வந்து நிற்கும். அதற்காக எல்லாவற்றையும் மனசின் மேல் போட்டுவிடவும் கூடாது. காலையில் சாப்பிட்டானா என்று பாருங்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. இப்போது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளைகளுக்குச் சூடாக உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ கிடைக்கிறது. ஆனால் அது மணியடிப்பதற்கு முன்னால். ராத்திரி முழுக்க விழித்திருந்துவிட்டு ஓடிவருகிற பிள்ளை சரியாக அதைத்தான் தவறவிடுவான். பத்தரை மணி வலி பாதி அதுவாகவும் இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை காட்டிவிடச் சொல்லுங்கள், பூச்சித் தொல்லையாகவும் இருக்கலாம் அல்லவா. அப்புறம், அவன் கடைசி வரிசையில் பத்து நிமிடம் தலைசாய்த்துத் தூங்கினால் தூங்கட்டும். கணக்கை மதியம் சொல்லிக் கொடுக்கலாம்.

படகு போகாததால் அப்பா வீட்டில் இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரியில் நம் மாவட்டத்தின் பள்ளிக்கூட வருஷம் முழுக்க இருக்கிறது. சின்னமுட்டம் பக்கத்து விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குப் பக்கம் குளச்சல், தேங்காப்பட்டணம் பகுதிகளில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அதாவது பள்ளி திறக்கிற நேரத்தில் அந்தக் கரையில் வருமானம் நின்றுபோகிறது. வாரக்கணக்கில் கடலில் இருந்து பழகிய மனிதர்கள் கையில் காசில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். தென்மேற்குப் பருவமழை வேறு, வள்ளம் வைத்திருப்பவருக்கும் கடல் சரியாக இருக்காது. அதே ஜூன், ஜூலையில் குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் போனால் மழையில் ரப்பர் வெட்டு நடக்காது. சிரட்டையில் பாலுக்குப் பதில் தண்ணீர் நிற்கும். மழையில்லாத மாதங்களில் அங்கே வேறு கதை. விடியும் முன்பே அப்பாவும் அம்மாவும் பால்வெட்டப் போய்விடுவார்கள், ஏழு வயது அக்கா நாலு வயதுத் தம்பிக்கு முகம் கழுவிவிட்டுக் கூட்டி வருவாள். அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரி ஆலைக்குப் போகும் அம்மாக்களின் பிள்ளைகளை நான் வருடக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அம்மாவின் விரல்கள் அண்டி எண்ணெயில் கருத்து வெந்திருக்கும். பிள்ளை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருக்கும்.

இந்தக் காலண்டரைத் தெரிந்து வைத்துக்கொள்வது பாடக்குறிப்பு எழுதுவதற்குச் சமமான தயாரிப்பு என்று நான் நினைக்கிறேன். ஜூலையில் ஒரு பிள்ளை சண்டைக்காரனாகிவிட்டால், எதுவும் பேசுவதற்கு முன் அவன் வீட்டில் இப்போது எந்தப் பருவம் என்று யோசிக்கலாம். குடிக்கும் அப்பாவுக்கு இது சாக்கு ஆகாது. பிள்ளையை நாம் புரிந்துகொள்ள உதவும்.

என்ன பேசுவதென்று தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். புத்தகச் சொற்களை விட்டுவிடுங்கள். "உன் மனவெழுச்சி என்ன" என்று எந்தப் பிள்ளையிடம் கேட்க முடியும்? நம் ஊர்ப் பேச்சு இதற்கு வளமானது. அழுவதை நாம் கரைவது என்கிறோம். "பிள்ள எதுக்குக் கரையுது?" என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். வலிக்கு நொம்பலம். பதற்றமும் தவிப்பும் தாங்கமுடியாமையும் சேர்ந்த ஒரு நிலைக்குப் பாட்டிமார் வெப்ராளம் என்பார்கள். அதற்கு ஈடான எழுத்துத்தமிழ்ச் சொல் எனக்குக் கிடைக்கவில்லை. மூன்றாம் வகுப்பில் ஒருநாள் காலை வட்டமாக உட்காரவைத்து, "எனக்கு இண்ணைக்கு பஸ் வரல்ல, ஒரே வெப்ராளமா இருந்து" என்று நீங்கள் தொடங்குங்கள். யாரையும் சொல்லச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். நாலாவது நாள் ஒரு பிள்ளை அந்தச் சொல்லை எடுத்துத் தன்னுடையதைச் சொல்லும். வயிறு மட்டுமே பேசிக்கொண்டிருந்த இடத்தில் ஒரு சொல் வந்துவிட்டால் அதுவே பெரிய காரியம்.

தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்ற உங்கள் பயத்துக்கு, நான் செய்த ஒன்றைச் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்த நாள். கல்குளம் வட்டத்துக் கடற்கரைப் பள்ளி ஒன்றில் நான் அப்போது நான்காம் வகுப்பு ஆசிரியர். ஜனவரியில் பள்ளி திறந்த அன்று வருகைப் பதிவேட்டை எடுத்து வழக்கம்போலப் பெயர்களை வாசித்தேன். இறந்துபோன ஒரு பையனின் பெயர் அதில் அப்படியே இருந்தது. வாசித்துவிட்டேன். வகுப்பு அசையவில்லை. பின்னாலிருந்து ஒருவன், "அவன் வரல்ல சார்" என்றான். எனக்குத் தொண்டை அடைத்தது. அவசரமாக அடுத்த பெயருக்குப் போனேன். பிறகு அந்த வருடம் முடியும்வரை அவனைப் பற்றி வகுப்பில் ஒரு வார்த்தை நான் பேசவில்லை. பேசினால் பிள்ளைகள் கரைவார்கள் என்று பயந்தேன். உண்மையில் நான் கரைந்துவிடுவேன் என்றுதான் பயம்.

அடுத்த வகுப்பு டீச்சர் ஒருவர், என்னைவிட மூத்தவர், வேறு மாதிரி செய்தார். அவர் வகுப்பிலும் ஒரு பெண்பிள்ளை போய்விட்டாள். அந்த இடத்தில் உடனே வேறு யாரையும் உட்காரவைக்கவில்லை. பிள்ளைகள் அவளைப் பற்றிப் பேசினால் கேட்டார். படம் வரைந்தால் வாங்கிச் சுவரில் ஒட்டினார். பேசிவிட்டு ஐந்து நிமிடத்தில் அவர்கள் விளையாட ஓடினால் ஓடவிட்டார். சின்னப் பிள்ளைகளின் துக்கம் அப்படித்தான், மழைக்குழியில் குதிப்பதுபோல உள்ளே போகும், வெளியே வரும். எங்கள் வகுப்பில் பென்சில் கீழே விழுந்தால்கூடத் திடுக்கிட்ட பிள்ளைகள் மார்ச் வரை இருந்தார்கள். அவர் வகுப்பில் சிரிப்புச் சத்தம் முன்பே கேட்க ஆரம்பித்தது. பெயரை வாசித்ததை நான் இன்று தவறாக நினைக்கவில்லை. வாசிக்காததுபோல அடுத்த பெயருக்குப் போனதுதான் என்னை இன்னும் வருத்துகிறது. "அவன் வரல்ல" என்று சொன்ன பிள்ளைக்கு நான் பதில் சொல்லவே இல்லை.

நீங்கள் அப்படி நகர்ந்து போகவில்லை. "எதுக்குக் கரையுத" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வகுப்பாசிரியர் சொன்னதற்கு ஒரு வார்த்தை. அவர் கெட்டவராக இருக்கவேண்டியதில்லை. எமிஸ் என்கிற கல்வித்துறை இணையப் பதிவு, எண்ணும் எழுத்தும் திட்டத்தின் மதிப்பீடு, அதில் அரும்பு மொட்டு மலர் என்று மூன்று நிலையில் பிள்ளைகள், எல்லாம் அவர் தலையில். ஆனால் அவர் சொன்னது சரியில்லை. கல்வி உரிமைச் சட்டம், 2009, 29ஆம் பிரிவில் கலைத்திட்டம் எப்படி இருக்கவேண்டும் என்று சொல்லும் இடத்தில், பிள்ளையைப் பயம், அதிர்ச்சி, பதற்றம் இல்லாதவனாக ஆக்கவேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறது. 17ஆம் பிரிவு அடியையும் மனத்துன்புறுத்தலையும் தடை செய்கிறது. ஆகவே நீங்கள் செய்வது பாடத்துக்கு வெளியே உள்ள இரக்க வேலை அல்ல. அவரிடம் வாதாட வேண்டாம், உங்களுக்குள் உறுதியாக இருந்தால் போதும்.

உங்கள் உறக்கத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கூடப் படிக்கும் ஒருவரிடம், பிள்ளையின் பெயர் சொல்லாமல், மனசை இறக்கி வையுங்கள்.

கடைசியாக அந்த மூன்று வாரம். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகமாக உறுத்தியது அதுதான். பயிற்சி டீச்சர்கள் வெள்ளிக்கிழமை சாக்லேட் கொடுத்துவிட்டுத் திங்கட்கிழமை காணாமல் போய்விடுகிறார்கள். கடலுக்குப் போனவர் எப்போது வருவார் என்று நாள் எண்ணியே வளர்கிற பிள்ளைகள் அவர்கள். உங்களுக்கும் ஒரு தேதி இருக்கிறது, அதை இப்போதே சொல்லிவிடுங்கள். கரும்பலகை ஓரத்தில் எழுதி, தினமும் ஒரு பிள்ளையை விட்டு ஒரு நாளை அழிக்கச் சொல்லுங்கள். திரும்பி வருவேன் என்று சொல்ல வேண்டாம், வர முடியாமல் போகலாம். அந்தப் பையனுக்கு அதற்குள் இன்னொரு பெரியவரைப் பழக்கிவிடுங்கள். வயிறு வலித்தால் யாரிடம் போவது என்று அவனிடமே கேளுங்கள், அவன் கைகாட்டுவது சத்துணவு அக்காவாக இருந்தாலும் சரி. அவரிடம் கூட்டிப்போய், அவன் முன்னாலேயே, "இவன் உங்ககிட்ட வருவான்" என்று சொல்லி வையுங்கள். கடைசி நாள் விடைபெறுவதை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் மணியடித்த பிறகு சொன்னால், பிள்ளைகளுக்கு உங்களிடம் எதையும் கேட்க நேரம் இருக்காது.