செரோக்கியின் ஸ்டீயரிங் பாக்ஸ்: மாற்றும் முன்பும் மாற்றும்போதும்

கேள்வி: என்னிடம் 1998 ஜீப் செரோக்கி இருக்கிறது. 4.0 லிட்டர் பெட்ரோல், இடப்பக்க ஸ்டீயரிங். நேர் சாலையில் ஸ்டீயரிங்கை இரண்டு அங்குலம் அசைத்தாலும் சக்கரம் திரும்புவதில்லை. பாக்ஸுக்கு அடியில் எண்ணெய் சொட்டுகிறது. பாக்ஸின் மேலிருக்கும் ஸ்க்ரூவை இறுக்கிப் பார்த்தேன். ஆட்டம் குறைந்தது, ஆனால் வளைவு முடிந்த பிறகு ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வர மறுக்கிறது. பாக்ஸை நானே மாற்ற முடியுமா?

பதில்: முடியும். முதல்முறை என்றால் ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். அதற்கு முன், அந்த ஸ்க்ரூவை எவ்வளவு இறுக்கினீர்களோ அவ்வளவையும் இன்றே தளர்த்திவிடுங்கள். ஆட்டம் உள்ள ஸ்டீயரிங்கைவிட, திருப்பிய இடத்திலேயே நின்றுவிடும் ஸ்டீயரிங் ஆபத்தானது.

அது ஏன் அப்படி நிற்கிறது என்பது பாக்ஸின் உள்ளே இருக்கிறது. 1984 முதல் 2001 வரை வந்த இந்தத் தலைமுறை (எக்ஸ்ஜே) செரோக்கியில் இருப்பது சாகினா என்ற பெயரில் வந்த வகை பாக்ஸ். ஸ்டீயரிங் தண்டு ஒரு வார்ம் ஸ்க்ரூவை, அதாவது சுருள் பள்ளம் வெட்டிய தண்டை, சுழற்றும். அதன் பள்ளங்களில் எஃகுக் குண்டுகள் உருள, பிஸ்டன் முன்னும் பின்னும் நகரும். பிஸ்டனின் பற்கள் செக்டர் ஷாஃப்டை, அதாவது பாக்ஸிலிருந்து வெளியே வரும் பல்தண்டை, திருப்பும். அந்த ஷாஃப்டின் கீழ்முனையில்தான் பிட்மன் ஆர்ம், அதாவது சக்கரங்களைத் திருப்பும் கம்பிகளை அசைக்கும் கை, மாட்டியிருக்கிறது. வண்டி ஓடும் நேரத்தில் பெரும்பகுதி நேர்ப்போக்குதான் என்பதால் நடுப்பற்களே முதலில் தேயும். மேலுள்ள ஸ்க்ரூ, செக்டர் ஷாஃப்டை மேல்கீழாக நகர்த்திப் பற்களை நெருக்குவதற்கானது. தேய்ந்த நடுப்பல்லுக்கு ஏற்றபடி இறுக்கினால், தேயாத ஓரப்பற்கள் பிடித்துக்கொள்கின்றன. தேய்ந்துபோன பாக்ஸை அந்த ஸ்க்ரூ காப்பாற்றாது.

ஆனாலும் இரண்டு அங்குல ஆட்டம் முழுவதும் பாக்ஸினுடையதுதானா என்று பார்க்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். நல்ல பாக்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு, அதே ஆட்டத்தோடு வண்டியை வெளியே எடுப்பவர்கள் நிறையப் பேர். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்போதே இன்ஜினை ஐடிலில் விடுங்கள். ஜாக்கி போட்டால் சுமை இல்லாமல் ஆட்டம் மறைந்துவிடும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இடமும் வலமும் கால் சுற்று விரைவாக ஆட்டட்டும். நீங்கள் முன்பக்கத்திலிருந்து, விசிறியிலிருந்தும் பெல்ட்டிலிருந்தும் கையைத் தள்ளி வைத்துக்கொண்டு, மேலிருந்து கீழாக ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்கள்.

ஸ்டீயரிங் திரும்பியும் பாக்ஸுக்குள் நுழையும் தண்டு திரும்பவில்லை என்றால், ஸ்டீயரிங்கையும் பாக்ஸையும் இணைக்கும் இடைத்தண்டின் யூனிவர்சல் ஜாயின்ட் (கோணத்திலும் திரும்பும் மூட்டு) போயிருக்கிறது. அந்தத் தண்டு திரும்பியும் பிட்மன் ஆர்ம் நிற்கிறது என்றால் பாக்ஸ்தான். ஆர்ம் அசைந்து டிராக் லிங்க் (ஆர்மிலிருந்து வலச் சக்கரத்துக்குப் போகும் நீளக் கம்பி) தாமதமாக வந்தால் அவற்றை இணைக்கும் பந்து மூட்டு. அச்சு மீது வண்டியின் உடல் பக்கவாட்டில் நகர்ந்தால், அச்சைப் பக்கவாட்டில் பிடித்து வைக்கும் பான்ஹார்ட் ராட், ஜீப் ஓட்டுபவர்கள் ட்ராக் பார் என்பது. அதன் மேல்முனை மூட்டு இந்த வண்டியில் அடிக்கடி தேயும். கடைசியாக, பாக்ஸே உடலிலிருந்து விலகி விலகி அசைகிறதா என்று பாருங்கள். இதைப் பலர் பார்ப்பதே இல்லை. குறிப்பிட்ட வேகத்தில் முன்சக்கரங்கள் இரண்டும் தடதடவென்று உதறுவதுதான் உங்கள் தொல்லை என்றால், அதற்குப் பாக்ஸ் காரணமாக இருப்பது அரிது. பான்ஹார்ட் ராடிலும், அச்சை முன்பின் நகராமல் பிடிக்கும் கன்ட்ரோல் ஆர்ம்களின் ரப்பர் புஷ்களிலும் தேடுங்கள்.

எண்ணெய்க் கசிவுக்கும் ஒரு சோதனை உண்டு. பாக்ஸை நன்றாகத் துடைத்துவிட்டு, பிட்மன் ஆர்மைப் பிடித்து மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆட்டுங்கள். ஷாஃப்ட் அசையாமல் சீல் மட்டும் கசிந்தால் சீலை மாற்றினால் போதும். ஷாஃப்டே அசைந்தால் உள்ளே பேரிங் தேய்ந்துவிட்டது. எத்தனை சீல் போட்டாலும் சில வாரங்களில் திரும்பவும் சொட்டும். மேலே பிரஷர் ஹோஸ் கசிந்து, எண்ணெய் வழிந்து பாக்ஸுக்கு அடியில் வந்து சொட்டுவதும் உண்டு.

பாக்ஸ்தான் என்று உறுதியானால், வாங்க வேண்டியவை: பாக்ஸ், இரண்டு குழாய் முனைகளுக்கும் புது ஓ-ரிங், புது காட்டர் பின் (நட்டு கழலாமல் தடுக்கும் வளைகம்பி), நீல நிற திரெட் லாக் (போல்ட் தளராமல் பிடிக்கும் பசை), 2 லிட்டர் பவர் ஸ்டீயரிங் எண்ணெய். கியர்பாக்ஸுக்கு ஊற்றும் ஏடிஎஃப் வேண்டாம். இந்த வண்டியின் பணிமனைக் கையேடு அதைத் தெளிவாகவே தடுக்கிறது. வலப்பக்க ஸ்டீயரிங் செரோக்கியின் பாக்ஸ் வேறு, அது உங்கள் வண்டிக்குப் பொருந்தாது. விலை குறைந்த ரீகண்டிஷன் பாக்ஸ்களில் சீலை மட்டும் மாற்றிப் பெயிண்ட் அடித்தவையும் கலந்திருக்கும். கையில் வாங்கியதும் உள்நுழை தண்டை நடுவில் வைத்து இப்படியும் அப்படியும் மெல்லத் திருப்பிப் பாருங்கள். செக்டர் ஷாஃப்ட் உடனே பின்தொடர வேண்டும். அங்கேயே ஆட்டம் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கருவிகளில் தவிர்க்க முடியாதவை பிட்மன் ஆர்மை இழுத்து எடுக்கும் பிட்மன் புல்லர், பிட்மன் நட்டுக்கு 1 5/16 அங்குல சாக்கெட் (33 மி.மீ. சாக்கெட்டும் உட்காரும்), குழாய் முனைகளுக்கு ஃபிளேர் நட் ஸ்பேனர், குறிப்பிட்ட அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச். சாதாரண ஸ்பேனரால் குழாய் நட்டின் முனைகளை மழுங்கடித்துவிட்டால் ஹோஸையும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும்.

வேலைக்கு முந்தைய நாளே பிட்மன் நட்டிலும் பாக்ஸைப் பிடிக்கும் மூன்று போல்ட்களிலும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். பாக்ஸுக்கும் உடலுக்கும் நடுவே ஓர் அலுமினிய ஸ்பேசர் இருக்கிறது. எஃகு போல்ட் அதற்குள் அரித்து ஒட்டிக்கொள்ளும். அவசரப்பட்டால் போல்ட் முறியும்.

பழைய பாக்ஸ் வண்டியில் இருக்கும்போதே எண்ணெயைக் கழுவிவிடுவது நல்லது. முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ரிட்டர்ன் ஹோஸைத் தொட்டியிலிருந்து கழற்றி ஒரு பாட்டிலில் விடுங்கள், தொட்டியின் முனையை மூடிவிடுங்கள். இன்ஜினைப் போடாமல் ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்பத் திருப்ப, மற்றவர் புது எண்ணெய் ஊற்றட்டும். வெளியே வருவது தெளிவாகும்வரை தொடருங்கள். வந்த எண்ணெயில் உலோகத் துகள் மின்னினால் பம்ப்பையும் சந்தேகியுங்கள். அந்தத் துகள்கள் புதுப் பாக்ஸின் வால்வை உள்ளிருந்தே கீறிவிடும்.

இனிக் கழற்றுவது. சக்கரங்களை நேராக்கி, சாவியை எடுத்து, ஸ்டீயரிங்கை சீட் பெல்ட்டால் கட்டிவிடுங்கள். இதைத் தவறவிடாதீர்கள். ஸ்டீயரிங்குக்கு அடியில் ஏர்பேக்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் கிளாக் ஸ்பிரிங் என்ற சுருள் நாடா இருக்கிறது. தண்டைப் பிரித்த பின் ஸ்டீயரிங் கட்டற்றுச் சுழன்றால், மாட்டியபின் முதல் முழுத் திருப்பத்திலேயே அது அறுந்துவிடலாம். ஏர்பேக் விளக்கு எரியும், ஹாரனும் போகும்.

இடைத்தண்டைப் பாக்ஸோடு இணைக்கும் கப்ளரின் போல்ட்டைத் தளர்த்தினால் போதாது, முழுக்க உருவ வேண்டும். அது தண்டின் பள்ளத்தின் வழியே போகிறது. கப்ளரும் தண்டும் சேரும் இடத்திலும், பிட்மன் ஆர்மும் ஷாஃப்டும் சேரும் இடத்திலும் பெயிண்ட் குறி வையுங்கள். பிட்மன் நட்டைக் கழற்றிய பின் புல்லரை மாட்டி இறுக்கி, ஆர்மின் பக்கவாட்டில் சுத்தியலால் ஒரு தட்டு தட்டுங்கள். ஷாஃப்டின் நுனியில் அடிக்கவே கூடாது. புல்லருக்கும் அசையவில்லை என்றால் போராட வேண்டாம். டிராக் லிங்க்கைப் பிரித்து, ஆர்மோடு பாக்ஸை இறக்கி, பட்டறையில் பிரஸ்ஸில் கொடுத்து எடுக்கலாம். மூன்று போல்ட்களும் உடலின் நீளப் பெட்டியைத் துளைத்து வந்து பாக்ஸில் மாட்டுகின்றன. தலைகள் மறுபக்கம் இருக்கும். கடைசி போல்ட்டை எடுக்கும்போது பாக்ஸை ஒருவர் தாங்கட்டும். அது பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும்.

பாக்ஸ் வெளியே வந்ததும் கம்பித் தூரிகையும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் பத்து நிமிடம் செலவழியுங்கள். இந்த வண்டிக்குத் தனிச் சேஸிஸ் இல்லை. பாக்ஸ் தொங்குவது தகட்டை மடித்துச் செய்த பெட்டியில். பெரிய டயர் போட்டுப் பாறைகளில் ஓட்டிய வண்டிகளில் போல்ட் துளைகளைச் சுற்றித் தகடு விரியும், அலுமினிய ஸ்பேசரும் உடையும். விரிசல் தெரிந்தால் முதலில் வெல்டிங்கும் வலுவூட்டும் தகடும். ஸ்பேசர் உடைந்திருந்தால் எஃகு ஸ்பேசராக மாற்றுங்கள். விரிந்த தகட்டில் எவ்வளவு நல்ல பாக்ஸைத் தொங்கவிட்டாலும் ஸ்டீயரிங் அலைந்துகொண்டுதான் இருக்கும்.

புதுப் பாக்ஸை மாட்டும் முன் அதன் நடுவைக் கண்டுபிடியுங்கள். உள்நுழை தண்டை ஒரு கோடிவரை திருப்பி, அங்கிருந்து மறுகோடிவரை எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் பாதி திரும்பி வாருங்கள். கப்ளர் கையாலேயே நுழைய வேண்டும். தட்டி ஏற்றினால் தண்டோடு சேர்ந்த வால்வு கெடும். மூன்று போல்ட்களையும் திரெட் லாக் போட்டுக் கையால் முழுதும் ஏற்றிய பிறகு 95 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். பிட்மன் நட்டு 251, அதாவது 185 அடி-பவுண்டு. கையால் ஊகிக்கக்கூடிய அளவு அல்ல. கப்ளர் போல்ட் 49, குழாய் முனைகள் 28. டிராக் லிங்க்கைப் பிரித்திருந்தால் அதன் நட்டு 74. காட்டர் பின் துளை நேர்ப்படவில்லை என்றால் இன்னும் சற்று இறுக்க வேண்டுமே தவிர, தளர்த்தக் கூடாது.

காற்றை வெளியேற்றுவதில் பொறுமை வேண்டும். சக்கரம் தரையைத் தொடாமல், இன்ஜின் போடாமல், கோடிக்குக் கோடி மெதுவாக இருபது தடவை திருப்புங்கள். தொட்டியை வற்றவிடாதீர்கள். பிறகு இன்ஜினைப் போட்டு மறுபடியும் திருப்புங்கள், ஆனால் கோடியில் ஓரிரு நொடிக்கு மேல் பிடித்து நிற்க வேண்டாம். அழுத்தமும் சூடும் பம்ப்பைக் கெடுக்கும். எண்ணெய் நுரைத்தோ பால்போல வெளுத்தோ இருந்தால் இன்னும் காற்று இருக்கிறது. இன்ஜினை நிறுத்தி அரைமணி நேரம் அப்படியே விட்டுவிட்டுத் தொடருங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது ஸ்டீயரிங் கோணலாக நின்றால், அதைக் கழற்றி வேறு பல்லில் மாட்டி நேராக்காதீர்கள். அப்போது ஸ்டீயரிங் நேராகத் தெரியும், பாக்ஸ் மட்டும் நடுவில் இருக்காது. புதுப் பாக்ஸ் ஆட்டமின்றி இறுக்கமாக இருப்பது நடுவில் மட்டுமே. நடுவை விட்டு விலகி ஓடினால் முதல் நாளே ஆட்டம் தெரியும். ஸ்டீயரிங்கை நடுவில் நிறுத்தி, டிராக் லிங்க்கின் ஸ்லீவைத் திருப்பி வலச் சக்கரத்தை நேராக்குங்கள், பிறகு டை ராடில் (இடச் சக்கரத்துக்குப் போகும் கம்பி) இடச் சக்கரத்தை. இவற்றைத் தொட்டால் அலைன்மென்ட் கடையில் டோ அளவை (முன்சக்கரங்கள் உள்ளோ வெளியோ சாய்ந்து நோக்கும் அளவு) சரிபார்த்தே ஆக வேண்டும்.

100 கி.மீ. ஓடியதும் மூன்று போல்ட்களிலும் மறுபடி டார்க் ரெஞ்ச்சை வையுங்கள். அலுமினிய ஸ்பேசர் உள்ள வண்டியில் அவை சற்று தளர்ந்திருப்பது வழக்கம். ஒன்று மட்டும் மீண்டும் மீண்டும் தளர்ந்தால், அந்தத் துளையில் நீங்கள் கவனிக்காத விரிசல் இருக்கலாம். பாக்ஸை இறக்கிப் பாருங்கள்.