காலி ஃபோல்டர்களைக் கழிப்பது: கேள்வி பதில்

கேள்வி: காலி ஃபோல்டர்கள் ஏகப்பட்டது சேர்ந்துவிட்டன. நீக்கினால் எவ்வளவு இடம் கிடைக்கும்?

பதில்: கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் வழக்கமான கோப்பு முறை) டிரைவில் ஒரு காலி ஃபோல்டருக்குப் பொதுவாக 1 கேபி பதிவு ஒன்றுதான். ஆயிரத்தை அழித்தாலும் 1 எம்பி தேறாது. தேடும்போது கண்ணை உறுத்தாது, அவ்வளவே லாபம்.

கேள்வி: சார், விண்டோஸில் இதற்குத் தனி மென்பொருள் வேண்டுமா?

பதில்: வேண்டாம். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ட்டில், ஃபோல்டரை நீக்கும் ஆர்டி கட்டளை போதும். காலியாக இல்லாத ஃபோல்டரை அது தொடாது, அதுதான் பாதுகாப்பு. ஸ்லாஷ் எஸ் மட்டும் சேர்த்துவிடாதீர்கள். உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும், ரீசைக்கிள் பின்னுக்கும் வராது. நிறைய இருந்தால் ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கட்டளை: மூலம், இலக்கு இரண்டுக்கும் ஒரே பாதையைக் கொடுத்து ஸ்லாஷ் எஸ் (இங்கே இதன் பொருள் வேறு: காலி ஃபோல்டர்களை விட்டுவிடு), ஸ்லாஷ் மூவ் சேர்க்க வேண்டும். இலக்கில் ஓர் எழுத்து பிசகினாலும் கோப்புகள் மொத்தமும் அங்கே குடிபோய்விடும். பாதையைத் தட்டச்சு செய்யாமல் காப்பி பேஸ்ட் செய்யுங்கள்.

கேள்வி: திறந்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் ஆர்டி, காலியாக இல்லை என்கிறது!

பதில்: மறைந்த கோப்பு இருக்கும். டிர் ஸ்லாஷ் ஏ கொடுத்தால் தெரியும், பெரும்பாலும் தம்ப்ஸ்.டிபி அல்லது டெஸ்க்டாப்.ஐஎன்ஐ. மேக்கில் டிஎஸ் ஸ்டோர். முதலில் அதை அழியுங்கள். ‘வேறு புரோகிராம் பயன்படுத்துகிறது’ என்று வந்தால், உங்கள் கமாண்ட் பிராம்ட்டே அந்த ஃபோல்டருக்குள் நிற்கிறதா பாருங்கள்.

கேள்வி: லினக்ஸில்?

பதில்: ஃபைண்ட் என்ற தேடும் கட்டளை. பாதை, டைப் டி (ஃபோல்டர் மட்டும்), எம்ப்டி (காலியானது), கடைசியில் டெலிட். வரிசை முக்கியம், இடமிருந்து வலமாகத்தான் படிக்கும். டெலிட்டை முன்னால் போட்டால் எம்ப்டியைப் பார்க்கும் முன்பே எல்லாவற்றையும் அழித்துவிடும். டெலிட் இல்லாமல் ஒத்திகை பார்ப்பது நல்லது. ஆனால் அந்தப் பட்டியலில் கடைசி அடுக்கு மட்டுமே வரும். அழிக்கும்போது உள்ளிருந்து வெளியே வருவதால், காலி ஃபோல்டர்களை மட்டும் வைத்திருந்த மேல் ஃபோல்டரும் காலியாகி, அதுவும் போகும்.

கேள்வி: சி டிரைவ் முழுக்க ஓட்டலாமா?

பதில்: கூடாது. விண்டோஸ், புரோகிராம் ஃபைல்ஸ், ஆப்டேட்டா (மென்பொருள்கள் தங்கள் தகவலை வைக்கும் ஃபோல்டர்) பக்கமே போகாதீர்கள். சில மென்பொருள்கள் அந்தக் காலி ஃபோல்டர் இருக்கும் என்று நம்பியே எழுதப்பட்டவை. உங்கள் புரோகிராம் கோடு உள்ள இடத்திலும் கவனம். கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருள் தன் கிளை விவரங்களை ஒரே கோப்பில் திரட்டியபின் ரெஃப்ஸ் ஃபோல்டருக்குள் காலி ஃபோல்டர்களே மிஞ்சலாம். அவை அழிந்தால் ரெஃப்ஸும் அழியும், ‘இது கிட் ரெபாசிட்டரியே இல்லை’ என்று வரும். ரெஃப்ஸையும் அதற்குள் ஹெட்ஸையும் வெறுமனே மறுபடி உருவாக்கினால் சரியாகிவிடும். ஃபைண்ட்டில் கிட்டின் ஃபோல்டரை ஒதுக்க, குறிப்பிட்ட பாதையைத் தவிர்க்கும் நாட் பாத் பயன்படுத்துங்கள். ஃபோல்டருக்குள் நுழையாமல் தடுக்கும் புரூன், டெலிட் இருக்கும் இடத்தில் பலிக்காது.