ஆட்டுப்பாலில் மருந்து – கடிதம்

வணக்கம் ஐயா,

மருந்தியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆட்டின் மரபணுவை மாற்றி, அதன் பாலிலிருந்து மருந்து எடுக்கிறார்கள் என்று வகுப்பில் சொன்னார்கள். இது இயற்கைக்கு விரோதம் இல்லையா? சைவர்கள் அந்த மருந்தைப் போட்டுக்கொள்ளலாமா?

கே.

அன்புள்ள கே,

சைவர்கள் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். எண்பதுகளில் என் அத்தை போட்டுக்கொண்ட இன்சுலின் மாடு, பன்றிகளின் கணையத்திலிருந்து எடுத்தது. வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது, குப்பியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஈரமணல் போட்ட மண்சட்டியில் வைத்திருப்பார். முட்டைகூடத் தொடாத மனுஷி. மருந்து எதிலிருந்து வருகிறது என்று தெரிந்த அன்று ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார், அப்புறம் போட்டுக்கொண்டார்.

"இயற்கைக்கு விரோதம்" என்று மருந்தியல் படிக்கும் பெண் எழுதலாமா? பாடத்தை ஒழுங்காகப் படியுங்கள். ரத்தம் கண்டபடி உறையாமல் தடுக்கும் ஆன்டித்ராம்பின் என்ற புரதம் பிறவியிலேயே குறைந்தவர்களுக்குப் பிரசவமே ஆபத்து. அவர்களுக்காக, மடியில் மட்டும் மரபணுவை வேலை செய்யவைக்கும் ஒரு ஸ்விட்சோடு, அந்தப் புரதத்தை உண்டாக்கும் மனித மரபணுவை இணைத்து ஆட்டின் கருவுக்குள் செலுத்தினார்கள். அப்படிப் பிறந்த ஆடுகளின் பாலிலிருந்து எடுத்த ஏட்ரின் மருந்துக்கு 2009இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ஓர் ஆடு ஒரு வருஷத்தில் தருவதை ரத்தத்திலிருந்து பிரிக்க 90,000 முறை ரத்ததானம் வேண்டும் என்று கணக்குச் சொன்னார்கள். ஒரு தாய் பிழைக்கிறாள், பால் கறப்பதில் ஆட்டுக்கும் வலி இல்லை, இதில் என்ன விரோதம்?

எனக்கு உறுத்துவது வேறு விஷயம். 1990இல் ஸ்காட்லாந்தில் இப்படி மரபணு மாற்றிப் பிறந்த ட்ரேசி என்ற செம்மறியின் பாலில், நுரையீரல் நோய்க்கான புரதம் வந்தது. அதை நம்பி நியூசிலாந்தில் பெரிய மந்தையே வளர்த்தார்கள். 2003இல் பணம் வராது என்று தெரிந்ததும் திட்டத்தைக் கைவிட்டார்கள், அந்த ஆயிரக்கணக்கான ஆடுகளைக் கொன்றார்கள். நோய் வந்ததால் அல்ல. அதே 1990இல் நெதர்லாந்தில் மரபணு மாற்றிப் பிறந்த ஹெர்மன் என்ற காளையையும் சட்டப்படி கொன்றிருக்க வேண்டும், மக்கள் சண்டை போட்டதால்தான் அது 2004 வரை இருந்தது. பெயர் வைத்த மாட்டுக்காகச் சண்டை போட ஊரே வந்தது, பெயரில்லாத மந்தைக்கு யார் வந்தார்கள்? மரபணு மாற்றிய விலங்கை வெளியே விடவும் முடியாது, விற்கவும் முடியாது என்பது முதல் நாளே தெரியும். அப்படியானால் கம்பெனி மூடினால் இவற்றுக்குக் கடைசிவரை தீவனம் போடுவது யார் என்று எழுதி வாங்கி, அதற்கான பணத்தையும் கட்டச் சொல்லிவிட்டுத்தானே அனுமதி கொடுக்க வேண்டும்?

சரி, நாளைக்கு வகுப்பில் எழுந்து இதைக் கேளுங்கள். உங்கள் பேராசிரியர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.